பத்துமலை இருட்டுக்கு எந்த டார்ச் லைட்?

பிரிக்ஃபீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் பத்துமலை அடிவாரத்திலேயே இறங்கிவிடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, அதன் பின்னால் 272 படிகள். ஏறுகிறவர்களின் கண்ணெல்லாம் மேலே கோயில் குகையின்மீது இருக்கும். அல்லது கையிலிருக்கும் தேங்காயைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகளின்மீது இருக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் இடது கைப்பக்கம் பிரியும் பாதையைப் பலரும் கவனிப்பதில்லை. இருட்டுக் குகை அந்தப் பக்கம்தான்.

கோயில் குகையின் கூரையில் வானம் தெரியும் திறப்பு உண்டு. பகலில் அங்கே நடக்க விளக்கு தேவையில்லை. இருட்டுக் குகையின் கதை வேறு. சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளைவிட்டு ஓடும் அதன் வழிகளில், கூரை திறந்திருக்கும் ஓரிரு இடங்களைத் தவிர, மற்றதெல்லாம் கும்மிருட்டு. 2019 ஜனவரியில் நிறுத்தப்படும் வரை வழிகாட்டிகள் இங்கே பார்வையாளர்களைக் குழுக்களாக அழைத்துப் போனார்கள். 45 நிமிடத்தில் முடியும் கல்விச் சுற்றுலா ஒன்று. சேற்றில் தவழ்ந்து, பாறையிடுக்கில் ஊர்ந்து சில மணி நேரம் சுற்றும் பயணம் இன்னொன்று. தலைக்கவசமும் டார்ச் லைட்டும் கொடுத்துத்தான் உள்ளே விடுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் வழிகாட்டியின் விளக்குக்கு இரண்டு வேலை. பள்ளம் மேடு காட்டுவது ஒன்று. அதைவிடப் பெரிய வேலை, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது. ஒளி விழுந்த இடம்தான் பார்வையாளருக்குக் குகை. விழாத இடம் அவர் வீடு திரும்பும்வரை இல்லாத இடம். அதனால் குகை வழிகாட்டி டார்ச் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு வெளிச்சம்’ என்பதல்ல, ‘எப்படிப்பட்ட வெளிச்சம்’ என்பதே. கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் சொல் லுமன். விளக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு ஒளி கொட்டுகிறது என்பதற்கான கணக்கு அது. இரவுச் சந்தையிலும் இணைய விற்பனையிலும் ‘ஒரு லட்சம் லுமன்’ என்று அச்சடித்த பெட்டிகளில் உள்ளங்கை அளவு டார்ச்சுகள் கிடைக்கின்றன. நம்பலாமா? பேட்டரியை வைத்துக் கணக்குப் போட்டால் போதும். இன்றைய டார்ச்சுகளில் பரவலாக இருக்கும் லித்தியம் செல்லுக்கு 18650 என்று பெயர்; 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல செல் ஒன்றின் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் இருக்கும். அதில் அடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 12.6 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லுமன் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அந்தச் செல் 100 லுமனில் 12 மணி நேரத்துக்கு மேல் எரியும். 1000 லுமனில் ஒன்றேகால் மணி நேரம் எரியும். ஒரு லட்சம் லுமன் உண்மையிலேயே வந்தால் 45 விநாடியில் தீர்ந்துவிடும். அதுவும், அவ்வளவு ஒளிக்குத் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு மின்சாரம் வேண்டும். எழும் சூட்டில் கையில் பிடிக்கவே முடியாது.

பொய் இல்லாத டார்ச்சிலும் அதே வெப்பம் வேலையைக் காட்டும். 2000, 3000 லுமன் என்று சரியாகவே குறிப்பிட்டிருக்கும் சிறிய விளக்குகள் சில நிமிடம் அந்த அளவில் எரிந்துவிட்டு, சூடு தாங்காமல் தாமாகவே குறைந்துவிடும். பெட்டியின்மேல் உள்ள எண் அந்த முதல் நிமிடங்களுக்கானது. டார்ச் பெட்டிகளில் ‘ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1’ என்ற குறி இருந்தால் அளவுகள் ஒரு பொது முறைப்படி எடுக்கப்பட்டவை என்று பொருள். 2009இல் வந்த இந்த முறையில், ஒளி தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம்தான் எரியும் நேரம். எட்டும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகத் தேயும் இடம். முழுநிலவு இரவில் தரையில் விழும் அளவு. ‘200 மீட்டர் எட்டும்’ என்றால் 200ஆவது மீட்டரில் நிலவொளிதான் இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பத்துமலையில் வெளிச்சத்தின் கதையைத் தொடங்க ஒரு தமிழரின் பெயரே போதும். 1891இல் இங்கே கோயிலை நிறுவிய கே. தம்புசாமிப் பிள்ளை, ஈயத் தொழிலதிபர் லோக் இயூவுடன் சேர்ந்து 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவினார். மலேசியாவின் மின்சார வரலாறு அதிலிருந்துதான் சொல்லப்படுகிறது. குகையில் வேலை நாட்டியவரும் நாட்டுக்கு மின்சாரம் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் ஒரே மனிதர் என்பதை, பத்துமலைக்கு வரும் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஆனால் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் நெடுங்காலம் ஒளி தந்தது மின்சாரமல்ல, கார்பைட் விளக்கு. கால்சியம் கார்பைட் கட்டிமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அசெட்டிலின் வாயு கிளம்பும். அது சிறு துளை வழியாக வந்து பிரகாசமாக எரியும். விடியுமுன் குளிரில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும் என்பதால், தோட்டத் தொழிலாளர்கள் இருட்டிலேயே மரம் சீவப் போனார்கள். நெற்றியில் அந்த விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக மரத்துக்கு மரம் நகர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். குகை ஆய்வாளர்களும் இதே விளக்கைத்தான் உலகெங்கும் பயன்படுத்தினார்கள். அகலமான, மஞ்சள் கலந்த, கண்ணைக் குத்தாத ஒளி அது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது: எரிந்து மிஞ்சிய சுண்ணக் கழிவைக் குகைக்குள்ளேயே கொட்டிவிட்டுப் போவார்கள், அது அங்குள்ள சிற்றுயிர்களுக்கு நஞ்சு.

அந்தச் சிற்றுயிர்களுக்காகத்தான் இருட்டுக் குகை அறிவியல் உலகில் பெயர் பெற்றது. ரப்பர் பயிரிடச் சொல்லித் தோட்ட முதலாளிகளிடம் ஓயாமல் வாதாடிய சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, 1890களின் இறுதியில் இந்தக் குகை உயிரினங்களைப் பற்றியும் எழுதினார். இங்கே வௌவால்களைப் பிடித்துத் தின்று வாழும் வெளிறிய நிறப் பாம்பு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1967இல் மெக்ளூர், லிம் பூ லியாட், வின் ஆகிய மூவரும் இந்த ஒரு குகையின் உயிரினங்களை மட்டுமே தொகுத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வௌவால் எச்சம் தரையில் விழுகிறது. அதைக் கரப்பான்கள் தின்கின்றன. கரப்பான்களையும் குகை வெட்டுக்கிளிகளையும் நீண்ட கால்கள் கொண்ட பூரான்கள் வேட்டையாடுகின்றன. சூரியனைப் பாராத இந்த உணவுச் சங்கிலி முழுவதும் கூரையில் தொங்கும் வௌவால்களை நம்பியே இருக்கிறது.

அவற்றுள் ஒன்று தேன் உண்ணும் குகை வௌவால். பெரும்பாலான வௌவால்கள் ஒலியெழுப்பி எதிரொலியால் வழி கண்டுபிடிக்கும். இது பழந்தின்னி வௌவால் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய கண்களால் பார்த்துப் பறக்கிறது, கும்மிருட்டில் சிறகை அடித்து எழும் ‘கிளிக்’ ஒலியை ஓரளவு துணைக்கொள்கிறது. டுரியான் பூவிலும் பெத்தாய்ப் பூவிலும் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கும் வேலை இதனுடையது. 1970களில் பத்துமலை வௌவால்களை ஆராய்ந்தபோது, அவை கடலோரச் சதுப்புநிலத்தின் பெரெம்பாங் இன மரங்கள்வரை, சுமார் 38 கிலோமீட்டர் பறந்துபோய் இரை தேடுவது தெரியவந்தது. இரவெல்லாம் அவ்வளவு தூரம் பறந்துவிட்டுப் பகலில் உறங்கும் உயிரின் கண்ணில் 2000 லுமனைப் பாய்ச்சுவதற்கு எந்தச் சுற்றுலாவும் நியாயம் சொல்ல முடியாது. கலைந்து பறந்தால் சக்தி வீணாகும். வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் குட்டி தவறி விழவும் கூடும்.

அதனால் குகை வழிகாட்டியின் டார்ச்சில் தேட வேண்டிய முதல் குணம், மிகக் குறைந்த அளவில் எரியும் திறன். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பழகிய கண்ணுக்கு நடைபாதையில் 30, 40 லுமன் தாராளம். உயரத்தில் உள்ள ஒன்றைக் காட்டும்போது மட்டும் சில விநாடிக்கு 300, 400 வரை போகலாம். சிவப்பு ஒளி பல வௌவால் இனங்களை அதிகம் கலைப்பதில்லை என்பதால் சிவப்பு விளக்கும் சேர்ந்த டார்ச் நல்லது. ஆனால் சிவப்பானாலும் பலமாக அடித்தால் தொந்தரவுதான்; நிறத்தைவிட அளவு முக்கியம்.

இரண்டாவது குணம் பலருக்கும் தோன்றாதது: சுவிட்சின் ஒழுங்கு. மலிவான டார்ச்சுகளில் ஒருமுறை அழுத்தினால் முழு வெளிச்சம், மறுமுறை பாதி, அடுத்து விட்டுவிட்டு மின்னும் மின்னல் ஒளி என்று வரிசை இருக்கும். அணைப்பதற்கே மின்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். வௌவால் கூட்டத்துக்குக் கீழே நின்று வழிகாட்டி டார்ச்சை அணைக்க முயலும்போது என்ன நடக்கும் என்று யோசித்தால் போதும். குறைந்த ஒளியில் தொடங்கி மேலே போகும் டார்ச்தான் வேண்டும். மின்னல் ஒளி இல்லாதிருந்தால் இன்னும் உத்தமம். இருந்தாலும் தனியாக, வேண்டுமென்றே அழுத்தினால் மட்டும் வர வேண்டும்.

மூன்றாவது குணத்தைச் சொல்ல, இந்த மலையின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கும் சிலந்தியிடம் போக வேண்டும். லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்பது 1923இல் விவரிக்கப்பட்ட கதவுச் சிலந்தி. இதன் வயிற்றில் இன்னும் கண்டம் கண்டமாகத் தகடுகள் இருக்கின்றன. மற்றச் சிலந்திகள் எப்போதோ இழந்துவிட்ட அடையாளம் அது. இந்தச் சிலந்தி வகையின் தொன்மை சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன் போகிறது. குகைச் சுவரில் பட்டிழையால் குழாய்போல் கூடு கட்டி, வாயில் கதவு வைத்து, மண்துகள் ஒட்டி மறைத்துவிடும். கதவிலிருந்து சில மெல்லிய இழைகள் சுவரில் கதிராகப் பரவியிருக்கும். பூச்சி இழையைத் தொட்டால் அதிர்வு உள்ளே போகும், கதவு திறக்கும், பூச்சி போய்விடும்.

நேர் எதிரே நின்று டார்ச் அடித்தால் இந்தக் கூடு கண்ணில் படவே படாது. சுவர் தட்டையாக, சாம்பலாகத் தெரியும். விளக்கைச் சுவரோரமாகக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், ஒவ்வோர் இழையும் பளிச்சென்று கோடு போடும், கதவின் விளிம்பு நிழல் காட்டும். தலையில் மாட்டும் விளக்கு மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம். தலைவிளக்கின் ஒளி கண் பார்க்கும் திசையிலேயே போவதால் நிழல் தெரியாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் தெரியாது. ஈரக் காற்றில் மூச்சுவிட்டால் எழும் ஆவியும் கண்ணுக்கு நேரே வெள்ளைத் திரையாக நிற்கும். ஆகவே இரண்டும் வேண்டும்: கை ஊன்றி ஏறவும் இறங்கவும் தலையில் அகலமாகப் பரவும் விளக்கு, இடுப்பளவில் பிடித்துக் காட்ட ஒளியைக் குவிக்கும் கை டார்ச்.

கை டார்ச்சின் குவியம் மிகவும் கூர்மையாகவும் இருக்கக் கூடாது. நடுவில் கண்கூசும் புள்ளி, சுற்றிலும் கருமை என்றிருந்தால் பதினைந்து பேர் கொண்ட குழுவில் வழிகாட்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் ஏதாவது புரியும். நடுவே தெளிவான வட்டமும் அதைச் சுற்றி மங்கலான பரவலும் உள்ளதே சரி. சுவரிலிருந்து திரைச்சீலையாகத் தொங்கும் சுண்ணப் படிவத்துக்குப் பின்னால் அந்த டார்ச்சை வைத்தால் கல்லுக்குள் ஒளி புகுந்து வரி வரியாகத் தெரியும். பார்ப்பவர்கள் வாய் திறக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். அந்த வரிகளின் செம்பழுப்பு இரும்புச் சத்தால் வந்தது. இங்கே ஒளியின் நிறம் கணக்கில் வருகிறது. 6500 கெல்வின் என்று குறித்த நீலவெள்ளை எல்இடியில் சிவப்புப் பகுதி மெலிந்திருக்கும். செம்பழுப்பு அதில் சாம்பலாகிவிடும். 4000 கெல்வின் சுற்றிலும், சிஆர்ஐ எனப்படும் நிறத்துல்லிய எண் 90க்கு மேலும் உள்ள எல்இடி, கல்லின் நிறத்தைக் கல்லின் நிறமாகக் காட்டும். இந்தத் துல்லியத்துக்காகக் கொஞ்சம் லுமனை இழக்க வேண்டியிருக்கும். இழக்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, குகைக்குள் நிலையாக மின்விளக்கு போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்ஸின் லாஸ்கோ குகை இதற்கு விலை கொடுத்தது. 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பழங்கால ஓவியக் குகை, போருக்குப் பின் விளக்குகளோடு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சும் விளக்கொளியும் சேர்ந்து சுவர்களில் பச்சைப் பாசியை வளர்த்தன. 1963இல் குகையை மூட வேண்டியதாயிற்று. ஒளி இருக்குமிடத்தில் செடி முளைக்கும் என்பது குகைக்குள்ளும் மாறாத விதி. ஈரமான சுண்ணப் பாறைக்கு நாள்தோறும் சில மணி நேர ஒளி கிடைத்தாலே பாசி பிடித்துவிடும். குழுவோடு வந்து குழுவோடு போய்விடும் டார்ச் ஒளியால் அந்தக் கேடு மிகக் குறைவு. பத்துமலையைக் காக்கப் பல்லாண்டு பாடுபட்ட மலேசிய இயற்கைச் சங்கத்தினரும் பிறரும் இருட்டுக் குகையை இருட்டாகவே விட்டுவைக்கச் சொன்னதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது.

டார்ச் நல்லதாக இருந்தும் பழக்கம் கெட்டிருந்தால் பயனில்லை. தலைவிளக்கை எரியவிட்டபடியே திரும்பிப் பேசும் வழிகாட்டி, பதினைந்து பேரின் கண்ணையும் ஒரே நொடியில் குருடாக்குகிறார். இருட்டுக்குப் பழகக் கண் எடுத்துக்கொண்ட அரைமணி நேரமும் வீண். திரும்புமுன் விளக்கைத் தாழ்த்த வேண்டும், அல்லது அணைக்க வேண்டும். குழுவினருக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: “அக்கா, லைட்டைக் கால்கிட்ட காட்டுங்க, மூஞ்சில அடிக்காதீங்க, மேல அடிக்காதீங்க.” எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு முழு இருட்டை உணரவைப்பது குகைச் சுற்றுலாக்களில் வழக்கம். அப்போது ஒரு கைப்பேசித் திரை ஒளிர்ந்தாலும் அத்தனையும் போச்சு. பையில் கிடக்கும் டார்ச் தானாக எரியாமலிருக்கப் பூட்டும் வசதி உள்ள சுவிட்ச் அந்த நேரத்தில் உதவும்.

உலகெங்கும் குகைக்குள் போகிறவர்கள் மாற்றாமல் வைத்திருக்கும் விதி ஒன்று: ஆளுக்கு மூன்று தனித்தனி விளக்கு. ஒன்று கெட்டால் இரண்டாவது. இரண்டாவதை வைத்துத் திரும்பி வரும்போது அதுவும் கெட்டால் மூன்றாவது. கைப்பேசி இதில் சேராது. தடம் போட்ட நடைபாதையில் நடக்கும் பார்வையாளருக்கு ஒன்று போதும். வழிகாட்டிக்கு மூன்றும் கட்டாயம். பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் டார்ச்சுகள் அனைத்தும் ஒரே வகையாக, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் டபுள் ஏ செல் போடுவதாக இருந்தால் நிர்வாகம் எளிது. மறு மின்னேற்ற நிக்கல் செல்கள் இதற்கு நல்லவை. சாதாரண அல்கலைன் செல்லை டார்ச்சுக்குள்ளேயே மாதக்கணக்கில் மறந்துவிட்டால் கசிந்து, உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, டார்ச்சையே கெடுத்துவிடும். வழிகாட்டியின் சொந்த விளக்குக்கு லித்தியம் செல் சரி. ஆனால் சில லித்தியம் டார்ச்சுகள் கடைசி வரை ஒரே சீராக எரிந்து, முன்னறிவிப்பின்றிப் பட்டென்று அணைந்துவிடும். தீருமுன் மங்கியோ சிவப்புப் புள்ளி காட்டியோ எச்சரிக்கும் டார்ச்சைத்தான் எடுக்க வேண்டும். உதிரி லித்தியம் செல்லைச் சாவிக்கொத்தோடு சட்டைப் பையில் போடக் கூடாது. முனைகள் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும்.

தண்ணீர் விஷயம் குகைக்குக் குகை மாறும். இருட்டுக் குகையின் நடைபாதையில் கூரைச் சொட்டும் கைப்பிடி ஈரமும்தான். ஐபிஎக்ஸ்4 தரம் போதும், அது தெறிக்கும் நீரைத் தாங்கும். பேராக், கோப்பேங்கில் உள்ள குவா தெம்புருங் குகைக்குள்ளே ஆறே ஓடுகிறது. நீண்ட சுற்றுலாவில் அதில் இறங்கி நடக்க வேண்டும், படுத்தும் ஊர வேண்டும். அங்கே ஐபிஎக்ஸ்7 இல்லாத விளக்கைக் கொண்டுபோவது தவறு. ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதற்கான தரம் அது. பின்மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும்.

கடையில் நின்று பார்க்கும்போது டார்ச்சைத் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்ப்பது நல்ல சோதனை. தோல் உயிருள்ள நிறத்தில் தெரிந்தால் எடுக்கலாம். பிணம்போல் வெளுத்துத் தெரிந்தால் வைத்துவிடலாம். பிறகு வெள்ளைச் சுவரில் அடித்து வட்டத்தின் விளிம்பைப் பார்க்க வேண்டும், ஈரக் கையால் சுவிட்சைத் தேடிப் பார்க்க வேண்டும். வாங்கி வந்ததும் முழுதாக மின்னேற்றி, நடக்கத் தேவையான ஒளியில் எரியவிட்டு, அணையும்வரை ஆகும் நேரத்தைக் குறித்து டார்ச்சின் மேலேயே ஒட்டிவிடலாம். அந்த நேரத்தில் பாதி கழிந்ததும் செல்லை மாற்றிவிடும் வழிகாட்டியோடு யாரும் தயங்காமல் உள்ளே போகலாம்.